முழத்துக்கு மூன்று விரல்

உப்போடைப்பட்டியில் ஒரு சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் தவசிலிங்கக் கொத்தனார் தூக்குக்குண்டைத் தேடமாட்டார், ரசமட்டத்தைத் தேடமாட்டார், "வெள்ளத்தாயி, இங்கன வந்து நில்லு தாயி" என்று ஒரு குரல் கொடுப்பார். சித்தாள் வெள்ளத்தாயி தலையிலிருக்கும் கலவைச் சட்டியை இறக்காமலே வந்து, கிழக்கே பார்த்துச் சுவரின் மூலையில் நிற்பாள். கொத்தனார் பத்தடி பின்னால் போய், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அவள் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் மனசுக்குள் ஒரு கோடு இழுத்து, சுவர் அந்தக் கோட்டோடு ஒத்துப் போனால் "சரி, அடுத்த வரி வைங்க" என்பார், ஒத்துப் போகாவிட்டால் பிரித்துக் கட்டச் சொல்லுவார். இருபது வருடமாக அப்படித்தான். பள்ளிக்கூடம் அப்படிக் கட்டியது, ரேஷன் கடை அப்படிக் கட்டியது, பிள்ளையாருக்கு மதில் எழுப்பியதும் அப்படித்தான், பிள்ளையாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டோ, அவர் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவு காற்றில் திறந்துகொள்ளாமல் இருப்பதற்காக எடைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளத்தாயியின் புருஷன் சங்கரபாண்டி ஆனி மாதத்தில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வந்த சனமெல்லாம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கப் போனது. அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது, கூடப்பிறந்தவர்கள் கிடையாது, வாசலில் குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. பதினேழாம் நாள் காலையில் பாயிலிருந்து எழுந்தபோது வீடு சாய்ந்திருந்தது. உத்திரம் சாய்ந்திருந்தது, நிலை சாய்ந்திருந்தது, வெளியே வந்தால் வேப்பமரமும் விளக்குக் கம்பமும் சாய்ந்திருந்தன, ஏழரை மணி மினி பஸ் சாய்ந்தபடியே வந்து சாய்ந்தபடியே ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவள் எந்தத் திசையில் திரும்பினாலும் எல்லாம் அவளுக்கு வலப்பக்கமாக, எல்லாம் ஒரே அளவாகச் சாய்ந்து நின்றன. புருஷன் போன பிறகு ஊர் இப்படித்தான் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இதைப் போய் யாரிடம் கேட்பது? முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

சாய்ந்தது அவள்தான். இடது பக்கமாக, முழத்துக்கு மூன்று விரல் கணக்கில், எதையும் பிடிக்காமல், தள்ளாடாமல் சாய்ந்து நின்றாள், சாய்ந்து நடந்தாள். அவள் முந்தானை அவளுடைய சாய்வுக்கே தொங்கியது, நெற்றி வியர்வை அவளுடைய சாய்வுக்கே இறங்கியது, தலையில் வைத்த கலவைச் சட்டி அவளோடு சேர்ந்து சாய்ந்துகொண்டு ஒரு சொட்டும் சிந்தாமல் ஏணி ஏறியது. பூமி மற்றவர்களை ஒரு பக்கமும் அவளை ஒரு பக்கமும் இழுத்தது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் இதை யாரும் கவனிக்கவில்லை. கேட்கிறவர்களுக்கு நம்ப முடியாத இடம் இதுதான் என்றால், அவர்களுக்கு ஊர் நடப்பு தெரியாது என்று அர்த்தம். புருஷனைப் பறிகொடுத்தவளை யாரும் நேருக்கு நேர் பார்ப்பதில்லை; பார்த்தால் நின்று நாலு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டிவரும், நாலு வார்த்தைக்கு எங்கே போவது? ஆகவே தலையைக் குனிந்து "சாப்ட்டியா தாயி" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார்கள். கொத்தனாராவது பார்த்தாரா என்றால், அவர் பார்த்தது ஒற்றைக் கண்ணால், அதுவும் அவளையும் சுவரையும் மட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பிசகில்லாமல் ஒத்துப்போயின. தூரத்தில் பனைமரங்கள் கோணலாகத் தெரிந்ததற்கு, "இந்த வருசம் காத்து பலம்லா" என்று அவரே காரணமும் சொல்லிக்கொண்டார்.

அப்படியாக, ஆவணியில் தொடங்கி மார்கழிக்குள் பஸ் நிறுத்தத்துக்கு வடக்கே, கிழக்குப் பார்த்த வாசலோடு, ஒரே வரிசையில் பதினோரு வீடுகள் எழும்பின.

தை பிறந்ததும் பால் காய்ச்சினார்கள். பதினோரு வீட்டிலும் பால் வடக்குப் பார்த்தே பொங்கி வழிந்தது. குபேரன் திசை என்று பெண்கள் குலவை போட்டார்கள். மினி பஸ் ஓட்டுகிற பால்ராசின் வீட்டில், அவன் பெண்சாதி மாரிக்கனி மூன்று மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்தாள். பழம் யோசிக்காமல் வடக்குச் சுவருக்கு உருண்டது. எடுத்து வைத்தாள், மறுபடி உருண்டது. மூன்றாம் தடவை உருண்டபோது குலவை நின்றது. யாரோ ஓடிப்போய்க் கோழிக்கூட்டிலிருந்து தூக்குக்குண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள், பின்னாலேயே கோழிகளும் வந்தன. சுவரோரம் நூலைத் தொங்கவிட்டால், நூல் ஒரு வழிக்கும் சுவர் ஒரு வழிக்கும் போயின.

அன்றைக்குத்தான் ஊர் வெள்ளத்தாயியை நிமிர்ந்து பார்த்தது.

"ஏ தாயி," என்றார் கொத்தனார். "ஏன் இப்படிச் சாஞ்சு நிக்க?"

"நான் எங்க அண்ணாச்சி சாஞ்சேன்? நீங்கள்லாந்தான் சாஞ்சு நிக்கீய. ஆறு மாசமா நிக்கீய. எம்மேல பரிதாபப்பட்டு அப்படி நிக்கீயளோன்னுலா நெனச்சேன்."

டீக்கடை ராமசுப்பு, வாய் சும்மா இருக்கமாட்டாமல், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான். கூடமும் கோணலாகத்தான் இருந்தது என்பதால் அந்தப் பழமொழி அன்றைக்கு எடுபடவில்லை.

இடித்துக் கட்டலாம் என்று முதல் வாரம் பேசினார்கள், இரண்டாம் வாரம் பேசினார்கள், மூன்றாம் வாரம் குடிபோய்விட்டார்கள். இத்தனை வருடம் ஓலைக் கூரையில் மழைக்கு நனைந்தவர்களுக்குச் சாய்ந்த வீடும் வீடுதானே. கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தார்கள், அடுப்புக்கு ஆப்பு வைத்தார்கள், தெற்கே தலைவைத்துப் படுக்கப் பழகினார்கள், வெங்காயக் கூடையை முதலிலேயே வடக்குச் சுவரோரம் வைத்துவிட்டால் உருண்டு போய்த் தொலைக்க வேண்டியதில்லை என்று கண்டுகொண்டார்கள். வெளியே கிளம்பும்போது வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று உடம்பைத் தெருவுக்குச் சரிசெய்துகொண்டு இறங்குவது அந்த வரிசைக்காரர்களுக்கு வழக்கமானது. அந்த வீட்டில் படுத்தால் இடுப்புவலி தீர்கிறது என்று பக்கத்து ஊர்களிலிருந்து ஆள் வரத் தொடங்கியதும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வெள்ளத்தாயியின் சாய்வு எதைக் காட்டுகிறது என்று ஒரு கூட்டம் ஆராய்ந்தது. மயானத்தைக் காட்டுகிறது, சங்கரபாண்டி கூப்பிடுகிறான் என்றார்கள். அவள் திரும்பி நின்றாள். சாய்வு ரேஷன் கடையைக் காட்டியது. புதையலோ என்று சந்தேகப்பட்டவர்கள் அதோடு அடங்கினார்கள்.

ஊர் அவளிடம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். சந்தில் எதிரே வந்தால் அவளுடைய சாய்வுக்கும் சேர்த்து இடம் விட்டு ஒதுங்கினார்கள். மினி பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் அவளுக்கென்று ஆனது. ஆனால் ராமசுப்பு டீயை அவள் கையில் கொடுத்தால், கிளாஸ் அவள் கைக்குப் போன கணமே டீ அவளுடைய சாய்வுக்குச் சாய்ந்துகொண்டது, மிச்சத்தோடு அவள் திருப்பிக் கொடுத்தால் அவன் கைக்கு வந்த கணமே நிமிர்ந்துகொண்டு அவன் விரலைப் பொசுக்கியது. இரண்டு தடவை பொசுங்கினான். மூன்றாம் தடவை கிளாஸைப் பெஞ்சில் வைத்து, "எடுத்துக்க தாயி" என்றான். அவனைப் பார்த்து மற்றவர்களும் பழகினார்கள். குழம்புக் கிண்ணத்தைப் படியில் வைத்தார்கள், மோர்ச் செம்பைத் தரையில் வைத்தார்கள், கடைசியில் சிந்த வழியில்லாத தீப்பெட்டியைக்கூடக் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எந்தக் கையிலிருந்தும் அவள் கைக்கு எதுவும் வரவில்லை. ஆறு மாதம் இருக்கும், வளர்ந்த ஒரு மனிதருடைய விரல்கூட அவள்மேல் படாமல் இருந்தாள்.

வேலையும் நின்றது. கொத்தனார் தூக்குக்குண்டைக் கோழிகளிடமிருந்து நிரந்தரமாக மீட்டுவிட்டார். சாரத்தில் சாய்ந்த ஆளை ஏற்றினால் பார்க்கிறவன் மயங்கி விழுவான் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே அழுகை வரும்போலிருந்தது, அவரிடம் என்ன சண்டை போடுவது?

பகல் முழுக்க அவளுக்குப் போக ஒரே இடம் அந்தப் பதினோரு வீடுகள்தான். வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் அங்கே மட்டும் சுவர் அவளுக்கு நேராக நின்றது, தரை அவளுக்கு மட்டமாகக் கிடந்தது. மாரிக்கனி வெங்காயம் உரித்தபடி, ஆப்பு வைத்த மணையில் கோணலாக உட்கார்ந்திருப்பாள். வெள்ளத்தாயி சம்மணம் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்து, மாரிக்கனியின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். குழந்தைக்குத் தர்ஷிகா என்று பெயர் வைத்திருந்தார்கள். கைக்குழந்தைக்குக் கிளாஸும் தெரியாது, டீயும் தெரியாது. அது அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலேயே நேராக இருக்கிற ஒரே ஆளை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

"ஒன்னைக் கண்டா இவ அழவே மாட்டேங்கா சித்தி" என்பாள் மாரிக்கனி.

ஆடி மாதத்தில் கொத்தனாரே வந்து அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காதுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். வெள்ளத்தாயியை நடக்கச் சொன்னாள், நிற்கச் சொன்னாள், கண்ணை மூடி நிற்கச் சொன்னாள். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"காதுக்குள்ள, ரொம்ப உள்ள, தண்ணி நிறைஞ்ச மூணு வளையம் இருக்கும்மா. தலையைத் திருப்பினா அந்தத் தண்ணி ஓடும், எந்தப் பக்கம் திரும்புறீங்கன்னு மூளைக்குச் சொல்லும். அதுக்குக் கீழே பசை மாதிரி ஒரு மெத்தை, அது மேல நொய்யரிசியைவிடப் பொடிசா கல்லு. நீங்க சாஞ்சா அந்தக் கல்லு இழுக்கும். இதுதான் மேலே, இதுதான் கீழேன்னு சொல்லும்."

"ரசமட்டம்" என்றார் கொத்தனார்.

"அதேதான். அந்தக் கல்லு இடம் மாறி உக்காந்திருக்கு. சாதாரணமா இப்படி ஆனா தலை சுத்தும், விழுந்திடுவாங்க. காது ஒண்ணு சொல்லும், கண்ணு ஒண்ணு சொல்லும், பாதம் ஒண்ணு சொல்லும், மூளை குழம்பிடும். உங்க காது சொன்னதை எல்லாமே கேட்டிருக்கு, பூமி உள்பட." அவள் சீட்டில் 'நிற்கிறார்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

"அது எப்பம்மா இடம் மாறுச்சு?"

"தூக்கத்துல சடார்னு திரும்பிப் படுத்திருப்பீங்க."

"திரும்பித்தான் படுத்தேன்," என்றாள் வெள்ளத்தாயி. "அந்தப் பக்கம் ஆள் இல்ல."

டாக்டர் அவளைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கம் திருப்பி, வேகமாகச் சாய்த்துக் கட்டில் விளிம்புக்கு வெளியே தலை தொங்கும்படி படுக்க வைத்தாள். உலகம் ராட்டினமாகச் சுற்றியது. அது நிற்கும்வரை காத்திருந்து தலையை மறுபக்கம் திருப்பினாள், பிறகு உடம்பையே புரட்டினாள், பிறகு எழுப்பி உட்கார வைத்தாள். வெள்ளத்தாயி கண்ணைத் திறந்தாள். ஜன்னல் நேராக இருந்தது. டாக்டரின் கைகள் இன்னும் அவள் கன்னத்தில் இருந்தன. அவற்றை எடுத்துவிடப் போகிறாளே என்ற பயத்தில் அவள் இன்னும் கொஞ்சம் தலை சுற்றுகிறது என்று பொய் சொன்னாள்.

ஊர் அவளை ஆரவாரமாக ஏற்றுக்கொண்டது. ராமசுப்பு டீயை நேராகக் கையில் கொடுத்தான். அவள் குடிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே அழுதாள். ஆறிப்போனதென்று இன்னொன்று கொடுத்தான். பெண்கள் தோளைத் தொட்டுப் பேசினார்கள். கொத்தனார் வேலைக்குக் கூப்பிட்டார். சுவருக்கு நேர் பார்க்க அவர் இப்போது தூக்குக்குண்டைத்தான் தொங்கவிட்டார், ஆனால் போகட்டும், காலையில் போக ஒரு இடம் இருந்தது, மத்தியானம் சோற்றுச் சட்டியை நடுவில் வைத்துச் சேர்ந்து உண்ண ஆட்கள் இருந்தார்கள். சாய்ந்த வீடுகளுக்குள் போனால் இப்போது அவளுக்கும் மற்றவர்களைப் போலத் தலை கிறங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு தடவை போனாள், பிறகு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு போகவில்லை.

மறுபடி தை வந்தபோது, ஒருநாள் சாயங்காலம் மாரிக்கனி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். இடுப்பில் இருந்த குழந்தையைத் தெருவில் இறக்கிவிட்டு, "பாரு" என்றாள்.

தர்ஷிகா நடந்தாள். பதினைந்து மாதக் குழந்தை, கையை அகட்டிக்கொள்ளாமல், ஒரு அடிகூடத் தடுமாறாமல், இடது பக்கமாக முழத்துக்கு மூன்று விரல் சாய்ந்து நடந்தாள். அவளுடைய கொலுசு அவளுடைய சாய்வுக்குத் தொங்கியது.

"டாக்டரம்மாட்டக் காட்டிட்டேன் சித்தி. இவளுக்கு எதுவும் இடம் மாறலையாம். கல்லு எங்க இருக்கணுமோ அங்கனதான் இருக்காம். பெறட்டிப் போட ஒண்ணுமில்லங்காவ. இவளுக்கு இதுதான் நேராம்."

"வீட்டால வந்திருக்கும்" என்று வெள்ளத்தாயி மெல்லச் சொன்னாள்.

"பதினோரு வீட்லயும் பிள்ளைய இருக்கு. ஒன் மடியில கெடந்தது இவ ஒருத்திதான்." என்றாள் மாரிக்கனி. "ஒன்னயப் பாத்துத்தானே இவ நிக்கப் படிச்சா? நீ பாட்டுக்கு நிமிந்துட்டுப் போயிட்டே. இவ யாரோட நிப்பா?"

அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ராமசுப்பு கடையிலிருந்து எழுந்து வந்தான். நல்ல மனுஷன், குழந்தைகளைக் கண்டால் சும்மா விடமாட்டான். தர்ஷிகா அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் ஒரு பிஸ்கட்டை எடுத்தான், ஒரு கணம் யோசித்தான், அதைப் பெஞ்சில் வைத்து, "எடுத்துக்கடா தங்கம்" என்றான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. குழந்தை கையைப் பார்த்தது, பிஸ்கட்டைப் பார்த்தது, மறுபடி கையைப் பார்த்தது.

இந்தப் பிள்ளைக்கு இனி எத்தனை வருடம் என்று வெள்ளத்தாயி நினைத்தாள். பள்ளிக்கூடம் இருக்கிறது, சடங்கு இருக்கிறது, கல்யாணப் பந்தி இருக்கிறது, எல்லா இடத்திலும் எல்லாரும் அன்பாக, ரொம்ப அன்பாக, கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லுவார்கள்.

மறுநாள் அவள் தனியாக டவுனுக்குப் போய், பழையபடி ஆக்கிவிடு என்று டாக்டரிடம் கேட்டாள். தலையைப் பிடித்துத் தப்பான பக்கம் திருப்பு, கல்லை உதறிவிடு, சீட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள் என்றாள். டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "தலை சுத்தவைக்க முடியும்மா. அப்படி நிக்கவைக்க எனக்குத் தெரியாது" என்றாள். வெள்ளத்தாயி வீட்டுக்கு வந்து பாயில் இடப்பக்கம் சடார் சடாரென்று திரும்பிப் படுத்துப் பார்த்தாள். தலையை உலுக்கினாள். கோவில் வாசலில் அங்கப்பிரதட்சணம் போல உருண்டாள். வாந்தி வந்தது, வேறொன்றும் வரவில்லை. காதுக்குள் இருந்த கல், கட்டிய வீட்டின் அஸ்திவாரம் போல அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் அவள் கொத்தனாரிடம் போய், சாயங்காலம் நான்கு மணிக்கே வேலையிலிருந்து இறங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாள். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

அன்று முதல் தினமும் அவள் அந்தப் பதினோரு வீட்டு வரிசைக்குப் போனாள். தர்ஷிகாவைத் தெருவில் இறக்கி, அவளுக்கு வலப்பக்கம் நின்று, கையைப் பிடித்து, வேண்டுமென்றே சாய்ந்தாள். முன்பு சும்மா நின்றதற்கு இப்போது உடம்பு முழுவதும் பாடுபட வேண்டியிருந்தது. காது விழுகிறாய் விழுகிறாய் என்று கத்தியது, பாதம் ஆமாம் ஆமாம் என்றது, அவள் இரண்டையும் கேட்காமல் இடுப்பை இறுக்கி, முழத்துக்கு மூன்று விரல் சாய்ந்து, ஒவ்வொரு அடியாக எண்ணினாள். முதல் நாள் நாலு அடி. மாசி மாதத்தில் எட்டு அடி. பொய்தான், ஊருக்கே தெரியும் பொய். குழந்தை அண்ணாந்து பார்க்கும், தன்னைப் போலவே ஒரு ஆள் நடக்கிறதைப் பார்த்துச் சிரிக்கும். மாரிக்கனி வாசலில் நின்று பார்ப்பாள்.

பங்குனியில் ஒருநாள் பதினான்காவது அடியில் வெள்ளத்தாயி விழுந்தாள். எப்போதும் கையை ஊன்றிச் சமாளித்துவிடுவாள், அன்றைக்கு முடியவில்லை, இடத்தோள் மோத, முழங்கை சிராய்த்து ரத்தம் வர, பொத்தென்று தெருவில் விழுந்தாள். வாசல்களில் இருந்த பெண்கள் எழுந்தார்கள். "போதும் சித்தி, ஒம் எலும்பு என்னத்துக்கு ஆகும்" என்று மாரிக்கனி அழுதுகொண்டே ஓடிவந்தாள். வெள்ளத்தாயி எழவில்லை. வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. இந்தப் பிள்ளைக்குத் துணையாக நிற்கக்கூட வக்கில்லையே என்று, முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு கிடந்தாள்.

கை நழுவி இரண்டடி முன்னால் போயிருந்த தர்ஷிகா நின்று திரும்பினாள். சாய்ந்தபடியே, தடுமாறாமல், திரும்பி வந்தாள். அவள் முழங்கையைப் பார்த்தாள், ரத்தத்தைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, தன் உள்ளங்கையால் தெருவைப் பட்டென்று அடித்தாள்.

"அடி!" என்றாள். "தாயி உழுந்துச்சு. அடி!"

மறுபடி அடித்தாள், இன்னும் பலமாக. புழுதி பறந்தது. கை சிவக்கச் சிவக்க, மூச்சு வாங்க வாங்க, வெள்ளத்தாயியைத் தள்ளிவிட்ட குற்றத்துக்காகப் பூமியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

சங்கரபாண்டி போன நாளிலிருந்து அவளுக்காகப் பரிதாபப்பட்டவர்கள் ஊர் நிறைய உண்டு. அவளுக்காகக் கோபப்பட்டு ஒருவரும் எதையும் அடித்ததில்லை. வெள்ளத்தாயி புழுதியில் கிடந்தபடியே வாய்விட்டு அழுதாள், அழுகைக்கு நடுவில் எப்படியோ சிரிப்பும் வந்தது. "போதும்டி, அதுக்கு வலிக்கும்" என்றாள்.

தர்ஷிகா அடிப்பதை நிறுத்திவிட்டுப் புழுதிக் கையை நீட்டினாள். வெள்ளத்தாயி அந்தக் கையைப் பிடித்து எழுந்து, இடப்பக்கமாகச் சாய்ந்து, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.